காரை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைக்காதீர்கள்

மாணவர்களே, எஞ்சின் எண்ணெய்க்குப் பாடநூலில் மசகெண்ணெய் என்று பெயர். பட்டறையில் அப்படிக் கேட்டால் திருதிருவென்று பார்ப்பார்கள். மலாயில் ‘மிஞ்ஞாக் ஹீத்தாம்’, நம் வீடுகளில் ‘கறுப்பெண்ணெய்’. புதிதாக ஊற்றும்போது தேன் நிறத்தில் இருக்கும். ஓட ஓடக் கறுக்கும். எஞ்சினுக்குள் சேரும் கரியை அது தன்னோடு சுமந்துகொள்வதுதான் காரணம். ஆகவே கறுப்பு என்பது பயப்பட வேண்டிய நிறம் அல்ல.

பயப்பட வேண்டிய நிறம் வேறு. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருகித் திறந்து அதன் உட்புறத்தைப் பார்த்தால், சில கார்களில் பால் அதிகம் விட்ட காப்பியின் நிறத்தில், மயோனைஸ் போன்ற ஒரு பசை ஒட்டியிருக்கும். அது எண்ணெயோடு தண்ணீர் கலந்ததன் அடையாளம். இதைப் பார்த்ததும் நம்மில் பாதிப்பேர் துணியால் துடைத்துவிட்டு மூடிவிடுகிறோம். மீதிப்பேர் எஞ்சினே போய்விட்டது என்று கலங்குகிறோம். இரண்டுமே தவறு என்பது என் கருத்து. அதைவிட முக்கியமாக, இந்தப் பசை உருவாகப் பெரிய காரணம் நாம் நல்ல பழக்கம் என்று நினைத்துச் செய்யும் ஒன்றுதான் என்றும் சொல்வேன்.

முதலில், தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பேராக்கில் யாரைக் கேட்டாலும் மழையைக் காட்டுவார்கள். ஈப்போவில் பிற்பகல் மழைக்குப் பஞ்சமில்லை. தைப்பிங்கோ தீபகற்ப மலேசியாவில் மிக அதிகம் மழை பெய்யும் ஊர்களில் ஒன்று. காற்றில் இவ்வளவு ஈரம் இருந்தால் அது எஞ்சினுக்குள் புகாமல் இருக்குமா என்பது நியாயமான சந்தேகம். சந்தேகத்தைக் கணக்குப் போட்டே தீர்த்துக்கொள்ளலாம்.

எஞ்சினின் உள்ளே, எண்ணெய்க்கு மேலே, 5 லிட்டர் காலியிடம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரவில் 24 பாகை செல்சியஸ், பகலில் 33 பாகை. இதைக் கெல்வினுக்கு மாற்றினால் 297, 306. வாயுவின் கன அளவு வெப்பநிலைக்கு ஏற்பக் கூடும் என்ற சார்லஸ் விதிப்படி, காற்று ஒரு நாளில் சுமார் 3 விழுக்காடு விரிந்து சுருங்கும். அதாவது 150 மில்லிலிட்டர் காற்று வெளியே போய் உள்ளே வரும். 30 பாகையில், இதற்கு மேல் ஈரம் ஏறாது என்ற நிலையில் உள்ள ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 30 கிராம் நீராவி இருக்கும். அப்படியானால் 150 மில்லிலிட்டரில்? 0.0045 கிராம். ஒரு துளித் தண்ணீர் சுமார் 0.05 கிராம். நிறுத்திவைத்த காரில், அந்த ஈரம் முழுவதும் எண்ணெயில் இறங்கினாலும், ஒரே ஒரு துளி சேரப் பதினொரு நாள் ஆகும்.

ஈரக்காற்றின் மீது சுமத்திய குற்றம் நிற்கவில்லை. அப்படியென்றால் குற்றவாளி யார்? பெட்ரோல்தான்.

பெட்ரோலில் உள்ள பொருள்களில் ஆக்டேனை எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு மூலக்கூறில் 8 கார்பன் அணுக்களும் 18 ஹைட்ரஜன் அணுக்களும் உள்ளன. முழுமையாக எரிந்தால் கார்பன் கரிவளியாகும்; 18 ஹைட்ரஜன் அணுக்களும் 9 நீர் மூலக்கூறுகளாகும். படிவம் 4 வேதியியலில் போடும் மோல் கணக்குத்தான் இது. 114 கிராம் ஆக்டேன் எரிந்தால் 162 கிராம் தண்ணீர். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை சுமார் 740 கிராம். பெருக்கி வகுத்துப் பாருங்கள்: ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது! பங்கில் 30 லிட்டர் நிரப்பினால், அந்தக் கார் சாலையில் 30 லிட்டர் தண்ணீரைத் தயாரிக்கப் போகிறது என்று பொருள். காலையில் புகைக்குழாயிலிருந்து சொட்டும் நீரைப் பார்த்திருப்பீர்கள். அது இந்தத் தண்ணீர்தான்.

பெரும்பகுதி நீராவியாகப் புகைக்குழாய் வழியே போய்விடும். ஆனால் பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் எரிந்த வாயுவில் சிறிதளவு அவற்றைத் தாண்டிக் கீழே, எண்ணெய் இருக்கும் அறைக்குள் கசியும். கணக்குக்காக நூறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். தேய்ந்த எஞ்சினில் இன்னும் கூடும். வீட்டிலிருந்து பள்ளிக்கு 3 கிலோமீட்டர். நெரிசலில் 0.3 லிட்டர் பெட்ரோல் செலவாகிறது. 300 கிராம் தண்ணீர் உண்டாகி, அதில் 3 கிராம் கீழே இறங்குகிறது. 3 கிராம் என்பது 60 துளி. காற்றின் ஈரம் பதினொரு நாளில் சேர்க்கும் ஒரு துளியோடு இதை ஒப்பிடுங்கள்.

இந்த வாயுவை உள்ளேயே விடக்கூடாது என்று பொறியாளர்களுக்குத் தொடக்கத்திலிருந்தே தெரியும். பழைய கார்களில் ஒரு குழாய் வைத்து அதைச் சாலையிலேயே திறந்துவிட்டார்கள். காற்று கெட்டது. 1960-களின் தொடக்கத்தில், முதலில் கலிபோர்னியாவில், அந்த வாயுவை மறுபடி எஞ்சினே உறிஞ்சி எரிக்கும்படி ஒரு வால்வு பொருத்தும் முறை கட்டாயமானது. பி.சி.வி. வால்வு என்று இன்று பட்டறைகளில் சொல்வது அதைத்தான். உள்ளங்கையில் அடங்கும் இந்தச் சின்னப் பொருள் அடைத்துக்கொண்டால் நீராவி வெளியேற வழியில்லாமல் போகும்.

ஆனால் வால்வு ஆவியைத்தான் இழுக்கும். எண்ணெயில் ஏற்கெனவே கலந்துவிட்ட தண்ணீரை அது என்ன செய்யும்? அந்தத் தண்ணீர் முதலில் ஆவியாக வேண்டும். அதற்கு எண்ணெய் 80, 90 பாகைக்கு மேல் சூடாகிக் கொஞ்ச நேரம் அப்படியே இருக்க வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். காரின் முன்பலகையில் காட்டும் சூடு ரேடியேட்டர் நீரின் சூடு. எண்ணெயின் சூடு அல்ல. எண்ணெய் அதற்குப் பின்னால் மெதுவாகத்தான் சூடேறும். நம் நாட்டுச் சிறிய கார்கள் பலவற்றில் முள்ளுக்குப் பதில் ஒரு நீல விளக்கு மட்டும் எரிந்து அணையும். நீலம் அணைந்தால் எஞ்சின் தயார் என்று நினைக்கிறோம். எண்ணெய் அப்போதும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். சாதாரண வேகத்தில் கால் மணி, இருபது நிமிடம் ஓடினால்தான் அதற்கு வேண்டிய சூடு கிடைக்கும்.

இப்போது அந்த நல்ல பழக்கத்துக்கு வருவோம். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது உங்களில் பலர் தொடக்கப்பள்ளியில் இருந்திருப்பீர்கள். கார்கள் வாசலில் நின்றன. நிற்கும் கார் கெட்டுவிடும் என்ற அக்கறையில், பலர் தினமும் காலையில் சாவியைத் திருப்பி, ஐந்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்துவிட்டு உள்ளே போனார்கள். அந்தப் பழக்கம் பல வீடுகளில் இன்றும் தொடர்கிறது. சும்மா ஓடும் சிறிய எஞ்சின் மணிக்கு முக்கால் லிட்டர் பெட்ரோல் குடிக்கிறது என்று கொண்டால், ஐந்து நிமிடத்தில் சுமார் 60 மில்லிலிட்டர் தண்ணீர் உண்டாகும். சுமை இல்லாமல் ஓடுவதால் எண்ணெய் சூடேறாது. உள்ளே போன ஈரம் போனதுதான். மறுநாள் மீண்டும் அதே கதை. அக்கறையோடு தினமும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவருகிறோம். பேட்டரிக்கும் அந்த ஐந்து நிமிடத்தில் பெரிய நன்மை கிடையாது.

வாரம் முழுதும் காரைத் தொடாமல் விட்டுவிட்டு, ஒரே ஒரு நாள் முறையாக ஓட்டுவது இதைவிட எவ்வளவோ மேல். ஈப்போவில் இருப்பவர்களுக்கு அது கடினமான காரியமா? கோப்பேங் சுமார் 20 கிலோமீட்டர். போய்ப் பசியாறிவிட்டுத் திரும்பினால் எண்ணெயும் நன்றாகக் காய்ந்திருக்கும்.

அப்பாவோ தாத்தாவோ காரைச் சூடேற்றியே ஆக வேண்டும் என்றால், அவர்கள் சொல்வது ஒரு காலத்தில் சரியாகவே இருந்தது. 1985 ஜூலையில் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகாவில் பெட்ரோலையும் காற்றையும் கலக்கக் கார்புரேட்டர்தான் இருந்தது. குளிர்ந்த எஞ்சினில் அது தடுமாறும். 1994-இல் வந்த பெரோடுவா கஞ்சிலும் அப்படித்தான். இன்றைய கார்களில் எவ்வளவு பெட்ரோல் தேவை என்பதைக் கணினியே அளந்து தெளிக்கிறது. அரை நிமிடம் போதும். பிறகு முதல் சில கிலோமீட்டர் நிதானமாக ஓட்டினால் சரி. பெரியவர்களிடம் வாதாடாமல் இந்த வேறுபாட்டை மட்டும் எடுத்துச் சொல்லிப் பாருங்கள்.

கறுப்பெண்ணெய் ஏன் வெள்ளையாகிறது என்பது தனிக்கதை. அதற்கு விடை நம் சொந்த வரலாற்றில் இருக்கிறது. உங்களில் பலருடைய தாத்தா பாட்டி பால்மரம் வெட்டியவர்கள். கோலகங்சாரில் 1877-இல் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்றும் மரமாக நிற்கிறது. அதன் பின் பேராக் முழுவதும் தோட்டங்கள் எழுந்தன. கோப்பையில் வடியும் பால் ஏன் வெண்மையாக இருக்கிறது? தண்ணீருக்கு நிறம் கிடையாது. தூய ரப்பருக்கும் வெள்ளை நிறம் கிடையாது. தண்ணீரில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத ரப்பர்த் துகள்கள் தம்மீது படும் ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறடிக்கின்றன. அந்தச் சிதறல்தான் நமக்கு வெண்மையாகத் தெரிகிறது. மாட்டுப்பாலும் தேங்காய்ப்பாலும் வெள்ளையாக இருப்பது இதே காரணத்தால்தான். ஒன்றோடொன்று கலக்காத இரண்டு திரவங்களில் ஒன்று நுண்துளிகளாக மற்றொன்றில் பரவிக்கிடக்கும் இந்த நிலைக்குத் தமிழில் பால்மம் என்ற அழகான சொல் இருக்கிறது.

எஞ்சினில் நடப்பது தேங்காய்ப்பாலின் தலைகீழ் வடிவம். அங்கே தண்ணீருக்குள் எண்ணெய்த் துளிகள். இங்கே எண்ணெய்க்குள் தண்ணீர்த் துளிகள். ஆனால் எண்ணெயும் தண்ணீரும் தாமாகவே பிரிந்துவிட வேண்டுமே, ஏன் பிரியவில்லை? ரப்பர் பாலில் ஒவ்வொரு துகளையும் ஒரு புரதப் படலம் போர்த்தியிருக்கும். அதன் மேல் எதிர்மின்னூட்டம் இருப்பதால் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும். ஃபார்மிக் அமிலம் ஊற்றினால் அந்த மின்னூட்டம் அடங்கும், துகள்கள் மோதும், படலம் கிழியும், பால் உறையும். வேதியியல் பாடத்தில் படிப்பதற்கு முன்பே உங்கள் பாட்டி இதைக் கண்ணால் பார்த்தவர். எஞ்சின் எண்ணெயிலும் போர்வை உண்டு. அழுக்கைத் தூக்கிக்கொள்வதற்காகவே எண்ணெயில் சோப்பைப் போன்ற சேர்மங்களைக் கலக்கிறார்கள். அவற்றின் ஒரு முனை எண்ணெயை விரும்பும்; மறுமுனை தண்ணீரை விரும்பும். கரியைப் பிடிக்க வைத்த அந்தக் கைகள் தண்ணீர்த் துளிகளையும் பிடித்துக்கொள்கின்றன. எஞ்சினில் வேகமாகச் சுழலும் தண்டு கடைந்து கொடுக்கிறது. பால்மம் தயார். இந்த உறவை முறிக்க அமிலம் ஊற்ற முடியாது. சூட்டால் தண்ணீரை விரட்டுவதுதான் வழி.

விரட்டாவிட்டால் என்ன ஆகும்? எஞ்சினின் உலோகப் பாகங்களுக்கிடையே நிற்பது தலைமுடியைவிட மெல்லிய எண்ணெய்ப் படலம். அழுத்தம் மிகுந்த இடத்தில் எண்ணெய்க்குப் பதில் தண்ணீர்த் துளி வந்து நின்றால் அந்தப் படலம் தாங்காது. உலோகம் உலோகத்தோடு உரசும். எரிந்த வாயுவில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடுகள் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகும். தேய்மானத்தைத் தடுக்கச் சேர்த்த பொருள்களைத் தண்ணீர் சிதைக்கும். கடைசியில் எல்லாம் சேர்ந்து களிம்புபோலத் திரண்டு எண்ணெய் ஓடும் சிறிய வழிகளை அடைக்கும். ஒரே நாளில் எதுவும் நடக்காது. அதுதான் இதன் ஆபத்து.

இதில் அதிகம் இழப்பவர்கள் யார்? நெடுஞ்சாலையில் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் வாரந்தோறும் ஓடுகிறவர் இல்லை. அவருடைய எண்ணெய் நன்றாகச் சூடேறுகிறது. பழைய தோட்டங்களில் இன்னும் இருக்கும் தாத்தா பாட்டிகளின் கார்தான் எனக்குக் கவலை. ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட பல இடங்களில் பேருந்து இல்லை. கடைக்கும் கிளினிக்குக்கும் கோயிலுக்கும் அந்தப் பழைய காரை விட்டால் வழியில்லை. செம்மண் சாலையில் 2 கிலோமீட்டர் போய், 2 கிலோமீட்டர் திரும்பும் கார் அது. வாரத்தில் நான்கு நாள் என்றால் 16 கிலோமீட்டர். ஆண்டுக்கு 832. இப்போது பட்டறையில் சொல்லும் 10,000 கிலோமீட்டர் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அந்த எண்ணெயை மாற்றப் பன்னிரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும்! வண்டி அதிகம் ஓடவில்லை, எண்ணெய் அப்படியே இருக்கிறது என்று அவர்கள் நினைப்பதில் வியப்பில்லை. கையேட்டில் கிலோமீட்டருக்குப் பக்கத்திலேயே மாதக் கணக்கும் இருக்கும். எது முன்னால் வருகிறதோ அதைக் கொள்ள வேண்டும் என்றும் எழுதியிருக்கும். குறுந்தூர ஓட்டத்தைக் கடுமையான பயன்பாடு என்று கையேடுகள் பல வகைப்படுத்துகின்றன. ஆனால் எண்ணெய் நிறுவனங்களின் விளம்பரங்கள் பெரிய எழுத்தில் போடுவது கிலோமீட்டரை மட்டும்தான். குறைவாக ஓடும் காருக்கு மாதத்தைத்தான் பெரிய எழுத்தில் போட வேண்டும். எண்ணெய் மாற்ற நூறு, இருநூறு ரிங்கிட் ஆகலாம். எஞ்சினைப் பிரித்துப் பழுது பார்க்கச் சில ஆயிரம் ஆகும். ஓய்வுக்காலத்தில் அந்த வேறுபாடு பெரிது.

அடுத்தது கலங்குகிறவர்களுக்கு. மூடியில் பசையைப் பார்த்ததும் சிலர் ‘காஸ்கெட் போய்விட்டது’ என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். சிலிண்டர் தலைப்பாகத்துக்கும் அடிப்பாகத்துக்கும் இடையே உள்ள காஸ்கெட் கிழிந்தால் ரேடியேட்டர் நீர் எண்ணெயில் கலக்கும் என்பது உண்மை. அது பெரிய பழுதுதான். ஆனால் மூடி எஞ்சினின் உச்சியில், சூடு குறைந்த இடத்தில் இருக்கிறது. சோற்றுப் பானையின் மூடியில் ஆவி படிவதைப் போல ஈரம் முதலில் அங்கேதான் படியும். மூடியில் மட்டும் மெல்லிய பசை இருந்து, எண்ணெய் அளக்கும் குச்சியில் எண்ணெய் வழக்கமான நிறத்தில் இருந்தால், பெரும்பாலும் குறுந்தூர ஓட்டத்தின் வேலை. குச்சியிலும் பால் நிறம், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் கலத்தில் நீர் தொடர்ந்து குறைவு, புகைக்குழாயில் சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை என்று இருந்தால் காரை ஓட்டாமல் பட்டறையைக் கூப்பிட வேண்டியதுதான். ரேடியேட்டர் மூடியை மட்டும் சூடாக இருக்கும்போது திறக்கவே கூடாது.

இணையத்தில் ஜெர்மனியிலிருந்தோ கனடாவிலிருந்தோ வரும் காணொளிகள், குளிர்காலத்தில் இந்தப் பசை சாதாரணம், விட்டுவிடுங்கள் என்று சொல்லும். அவர்கள் ஊருக்கு அது சரி. அங்கே காலையில் எஞ்சின் உறைநிலைக்குக் கீழே தொடங்குகிறது; ஈப்போவில் 24 பாகையில் தொடங்குகிறது. தினமும் நெடுந்தூரம் ஓடும் ஈப்போக் காரில் மூடி நிறையப் பசை இருந்தால், நான் சாதாரணம் என்று விடமாட்டேன். நம் ஊர்ச் சூடு நமக்குச் சாதகம். அதையும் மீறிப் பசை சேர்கிறதென்றால் காரணம் தேட வேண்டும்.

குச்சியில் எண்ணெயின் அளவு குறையாமல் ஏறினாலும் மகிழ வேண்டாம். எதுவோ உள்ளே வருகிறது. 2018-இல் சீனாவின் குளிர்மிகுந்த வட பகுதிகளில் ஹோண்டா சி.ஆர்-வி கார்களில் இப்படித்தான் எண்ணெய் அளவு ஏறியது, கலந்தது பெட்ரோல். சூடேறாத எஞ்சினில் குறுந்தூரம் ஓட்டியதே அதிலும் முக்கியக் காரணம்.

சந்தேகம் இருந்தால் பட்டறைக்காரரிடம் ஒரு சோதனை கேட்கலாம். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் சடசடக்கும் அல்லவா? நன்கு சூடான தகட்டில் ஒரே ஒரு துளி எண்ணெயை விட்டால், தண்ணீர் இருந்தால் குமிழியிட்டு வெடிக்கும். இல்லையென்றால் அமைதியாகப் பரவும். ஆயிரத்தில் ஒரு பங்கு தண்ணீர் இருந்தாலே இது காட்டிக்கொடுக்கும். இதை வீட்டு அடுப்பில் செய்து பார்க்க வேண்டாம். எண்ணெய் தெறிக்கும், பழைய எண்ணெயின் புகையும் கேடு. துல்லியமாக அளக்க வேண்டிய ஆய்வகங்கள், ஜெர்மானிய வேதியியலாளர் கார்ல் ஃபிஷர் 1935-இல் வெளியிட்ட தரம்பார்க்கும் முறையையே இன்றும் பயன்படுத்துகின்றன.

வெள்ளத்தில் நின்ற கார் வேறு வகை. 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியபோது தண்ணீர் கார்களின் எஞ்சின் உயரத்தையும் தாண்டியது. அப்படி நனைந்த காரில் சாவியைத் திருப்பவே கூடாது. தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது. சிலிண்டருக்குள் இருந்தால் பிஸ்டன் தண்டுதான் வளையும்.

இந்தச் சனிக்கிழமை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முன்மூடியைத் திறந்து பாருங்கள். எண்ணெய் மூடி, அளவுக் குச்சி, ரேடியேட்டர் கலம் மூன்றையும் பாருங்கள். கையில் எண்ணெய் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிறகு, பட்டறையில் கண்ணாடியின் மூலையில் ஒட்டிய சின்ன ஒட்டுத்தாளைத் தேடுங்கள். அதில் கிலோமீட்டர் எண்ணை விட்டுவிட்டுத் தேதியைப் படியுங்கள். தாத்தா வீட்டுக் காரிலும்.